முட்டை, மல்லாட்டை, மீன்: கைக்குழந்தைக்கு உணவு ஒவ்வாமை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

கைக்குழந்தைக்கு முட்டையும் வேர்க்கடலையும் (எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம்) மீனும் எப்போது கொடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பியுங்கள், ஒவ்வொன்றாகக் கொடுங்கள், முதல் பிறந்தநாளுக்குள் வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் குழந்தை ருசி பார்த்திருக்கட்டும். கொடுத்த பிறகு நிறுத்தாதீர்கள். அந்தப் பொருள்கள் வயிற்றுக்குப் போவதற்கு முன்னால் வெடித்த தோல் வழியாக உள்ளே போகவும் விடாதீர்கள்.

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகள் மெல்பர்னில் இருக்கிறாள், பேத்தி அங்கேதான் பிறந்தாள். நம் ஊரில் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் கேள்விப்படாத ஒன்று. மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஓர் உணவு ஒவ்வாமை இருந்தது. முட்டை மட்டுமே நூற்றுக்கு 9 பேருக்கு ஆகவில்லை. கிழக்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இன்னும் கூடுதல். அதனால் வெளிநாட்டில் பிள்ளை பெறும் நம் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் ஊரிலும் பால், முட்டை ஒவ்வாமையோடு வரும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"பல்லே முளைக்கல, மல்லாட்டையா குடுக்கச் சொல்ற நர்சம்மா?" என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே 2000இல், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைக்கு முட்டை இரண்டு வயதுக்குப் பிறகு, வேர்க்கடலையும் மீனும் மூன்று வயதுக்குப் பிறகு என்று சொன்னது. தள்ளிப்போட்டதால் பலன் எதுவும் தெரியவில்லை. 2008இல் அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே 2008இல் லண்டனில் ஒரு குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. இங்கிலாந்தில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே வேர்க்கடலை சேர்த்த பம்பா என்ற பொரியை குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார்கள். வாயில் வைத்தால் கரைந்துவிடும். காரணம் அதுதானா என்று பார்க்க டாக்டர் கிடியன் லாக் தலைமையில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கடுமையான கரப்பானோ (தோல் சிவந்து அரித்து வெடிக்கும் நோய்) முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு வாராவாரம் வேர்க்கடலை, மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை அறவே கிடையாது. முடிவு 2015இல் வந்தது. ஆரம்பத் தோல் பரிசோதனையில் வேர்க்கடலைக்கு எதுவும் காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 13.7 பேருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்டவர்களில் 1.9 பேருக்குத்தான். அதே பிள்ளைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். விடலைப் பருவத்திலும் அந்தப் பாதுகாப்பு நிலைத்திருந்தது. தேதியும் கணக்கும் எதற்கு என்றால், மாமியாரிடம் பேசும்போது உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

முதலில் தோலைப் பாருங்கள்

உணவு ஒவ்வாமை வரக்கூடிய குழந்தை யார் என்று கேட்டால் கன்னத்தையும் முழங்கை மடிப்பையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கரப்பான், அதாவது டாக்டர்கள் எக்சிமா என்று சொல்வது, சின்ன வயதிலேயே வந்து கடுமையாகவும் இருந்தால் அந்தக் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். வெடித்த தோல் வழியாக உணவுத் தூசி உள்ளே போனால், உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. அதே பொருள் வயிறு வழியாகப் போனால் உறவாகப் பழகிக்கொள்கிறது. யாருக்கு எது முந்துகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டும் மாவு பயத்தம் மாவு, இல்லையென்றால் கடலை மாவு. தேய்க்கும் எண்ணெய் நல்லெண்ணெய், வசதியான வீட்டில் பாதாம் எண்ணெய். இப்போது மரச்செக்கு எண்ணெய் பிரபலம். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடும், செக்கில் ஆட்டியதில் கொஞ்சம் தங்கும். சமையலுக்கு அது நல்லதாகவே இருக்கட்டும், கரப்பான் உள்ள குழந்தையின் மேலுக்கு வேண்டாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைத் தேய்த்துக் குளித்தே ஆயிரக்கணக்கான பெரியவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை சப்பாத்தி மாதிரி ரொட்டியும் நூடுல்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள்தான் அவர்கள்.

ஆகவே, தோல் சிவந்தோ உரிந்தோ நீர் கசிந்தோ இருந்தால் மாவு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத கிரீமையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவுங்கள். நன்றாக இருக்கும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தடவுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதை எங்கள் பக்கம் எத்தனையோ திண்ணைகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர்ச் சொம்பைத்தான் நீட்டுவேன்.

கரப்பான் அடங்கவில்லை என்றால் டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு எழுதுவார். அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போடுங்கள். பயந்துகொண்டு பாதியில் நிறுத்தினால் தோல் மறுபடி வெடிக்கும், அந்த வாசல் திறந்தே கிடக்கும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கரப்பானே இல்லாத குழந்தைக்கு முன்கூட்டியே தினமும் கிரீம் அப்பினால் கரப்பான் வராமல் தடுக்கலாம் என்று நினைத்து இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவு, அதனால் பயனில்லை என்பது. காசை மிச்சம் பிடியுங்கள்.

"கரப்பான் பண்டம்" என்று சொல்லி வரிசையாக உணவை நிறுத்துகிறோமே, அதுதான் என்னை மிகவும் வருத்தும் பழக்கம். தோலில் கரப்பான் வந்ததும் முட்டையை நிறுத்து, மீனை நிறுத்து, பாலை நிறுத்து என்கிறார்கள். அம்மாவுக்கும் சேர்த்துப் பத்தியம். தோல் வழியாக எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருக்க, வாயை மட்டும் பூட்டிவைப்பதுதான் மிச்சம். மகளும் ஒரு நாள் போனில், "அம்மா, பாப்பாவுக்குக் கன்னமெல்லாம் சிவந்துபோச்சு, நான் முட்டையை நிறுத்திடட்டுமா?" என்றாள். "தோலைப் பாருடி முதல்ல. நீ சாப்பிடறத ஏன் நிறுத்தணும்?" என்றேன். கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ குழந்தைக்கு ஒவ்வாமை வந்துவிடும் என்று எந்த உணவையும் தள்ள வேண்டியதில்லை. பூண்டும் சுறாப்புட்டும் சாப்பிடுகிற மாதிரியே முட்டையும் கடலையும் சாப்பிடலாம்.

பிறந்த முதல் வாரம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வாமையைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது முதல் சில நாள்கள். பால் ஊறவில்லை என்று பிரசவ வார்டிலேயே ஒரு வேளை, இரண்டு வேளை மாவுப்பால் கொடுத்துவிட்டு, அப்புறம் தாய்ப்பாலுக்கே திரும்பி, மாதக்கணக்கில் பசும்பால் புரதத்தின் வாடையே இல்லாமல் இருப்பது நல்லதல்ல. முதல் மூன்று நாள் பசும்பால் மாவைத் தவிர்த்தால் பால் ஒவ்வாமை குறைகிறது என்று ஜப்பானில் 2019இல் கண்டார்கள். ஐரோப்பிய வல்லுநர்களும் முதல் வாரம் தவிர்க்கலாம் என்கிறார்கள். டாக்டர் அவசியம் என்று சொன்னால் கொடுங்கள், குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது. ஏற்கெனவே மாவுப்பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ஒவ்வாமையைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் விலை கூடிய மாவுக்கும், ஆட்டுப்பாலுக்கும் தடுக்கும் சக்தி கிடையாது.

சோறூட்டிய பிறகு

தலை நின்று, பிடித்தால் உட்கார்ந்து, நாம் சாப்பிடும்போது வாயைப் பார்த்துக் கை நீட்டினால் குழந்தை தயார். நாலு மாதத்துக்கு முன்னால் எதுவும் கூடாது. கோயிலில் சோறூட்டிவிட்டு வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் பருப்புசாதம், கேழ்வரகுக் கூழ், இட்லி என்றே மாதங்கள் ஓடும். இரும்புச் சத்துக்குப் பருப்பும் கீரையும் இருக்கட்டும். இந்த மாதங்களில்தான் மற்றவையும் உள்ளே வர வேண்டும்.

எங்கள் வரிசை முட்டையில் ஆரம்பிக்கும். நன்றாக வெந்த முட்டை, ஓடு உரித்தால் மஞ்சள் கரு பொடியாக உதிர வேண்டும். ஆஃப்பாயில், பச்சை முட்டை கூடாது. பச்சை முட்டைப் பொடியை வைத்து ஆய்வு செய்தபோது சில குழந்தைகளுக்கு நேரடியாகவே ஒவ்வாமை கிளம்பியது. வேகவைத்த முட்டைப் பொடியைத் துளித் துளியாகக் கொடுத்து, கரப்பானுக்கும் ஒழுங்காக வைத்தியம் பார்த்த ஜப்பான் ஆய்வில் ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை நூற்றுக்கு 38 என்பதிலிருந்து 8 ஆக இறங்கியது. மஞ்சள் கரு மட்டும் கொடுத்து வெள்ளையை அப்பா தட்டில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒவ்வாமை தரும் புரதம் பெரும்பாலும் வெள்ளையில்தான் இருக்கிறது, பழக வேண்டியதும் அதுதான். கால் டீஸ்பூன் மசித்து வழக்கமான சாதத்தில் கலந்து கொடுங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த முறை அரை டீஸ்பூன், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள்.

அடுத்தது மல்லாட்டை. முழுக்கடலையோ உடைத்த கடலையோ ஐந்து வயது வரை கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். குழந்தைக்குப் பக்குவம் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கிப் போடுங்கள். ஈரத்தில் பூத்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் இருக்கும். நல்லதை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து, ஆறவிட்டு, துணியில் போட்டுக் கசக்கி, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகும். சலித்து எடுத்தால் பவுடர் மாதிரி இருக்கும். அதை வெந்நீரில் கரைத்துக் கூழிலோ பருப்புசாதத்திலோ கலந்து, ஒட்டாமல் இளக்கமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவித்த மல்லாட்டையை மைய மசித்தும் கொடுக்கலாம். கடையில் வாங்கும் கடலை வெண்ணெய் என்றால் உப்பு, சர்க்கரை இல்லாததாகப் பார்த்து அதையும் இதே மாதிரி கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். தேனில் குழைக்காதீர்கள், ஒரு வயது வரை தேனே வேண்டாம்.

முதல் முறை கரண்டி நுனியில் தொட்டுக் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை ஊட்டுங்கள். பழகிய பிறகு ஒரு வேளைக்கு சுமார் 8 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூன் பொடி, வாரத்தில் மூன்று நாள். லண்டன் ஆய்வில் கொடுத்த அளவு ஏறக்குறைய இதுதான்.

அப்புறம் ரவை, சப்பாத்தியைப் பருப்பில் ஊறவைத்தது, தயிர், வறுத்த எள்ளுப் பொடி, பண்ருட்டி முந்திரி அரைத்த விழுது, முள் இல்லாமல் பார்த்து எடுத்த மீன், நன்றாக வெந்து மசித்த இறால். வீட்டில் எது வழக்கமோ அது போதும். சைவ வீட்டில் மீனுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

புதுப் பொருளைக் காலையில் கொடுங்கள், தூங்கப் போகும் முன் வேண்டாம். காய்ச்சலோ சளியோ இருக்கும் நாளில் வேண்டாம். ஒரு நாளில் ஒரே ஒரு புதுப் பொருள். கொடுத்த பிறகு இரண்டு மணி நேரம் யாராவது குழந்தையின் பக்கத்தில் இருக்கட்டும். "ஒத்துக்குதான்னு பாக்கலாம்" என்று முதலில் கன்னத்தில் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, தோல் வழியாகப் போகக் கூடாது என்றுதானே இவ்வளவும். தக்காளி, ஆரஞ்சு மாதிரி புளிப்பு பட்டால் வாயைச் சுற்றிச் சிவப்பது பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். ஊட்டும் முன் வாயைச் சுற்றி பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் போதும்.

சத்துமாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து தானியத்தோடு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, சோயா எல்லாம் வறுத்து அரைத்துப் பாட்டி பையில் கட்டி அனுப்புவார். அன்போடு செய்வதுதான். ஆனால் அதையே முதல் உணவாக வைத்து, குழந்தைக்குத் தடித்துவிட்டால் எந்தப் பொருள் என்று யாரால் சொல்ல முடியும்? ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்த பிறகு சேர்த்து அரையுங்கள். அதற்கப்புறம் சத்துமாவைப் போல வசதி வேறில்லை. வாராவாரம் எல்லாம் ஒரு கரண்டியில் போய்விடும். ஒரு முறை கொடுத்து, ஒத்துக்கொண்டது என்று மகிழ்ந்து, அப்புறம் மாதக்கணக்கில் மறந்துவிடுவதுதான் ஆபத்து. பழகியதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கொடுங்கள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் இதைப் பாட்டியிடமோ காப்பகத்திலோ எழுதியே கொடுத்துவிடுங்கள்.

டாக்டரைக் கேட்ட பிறகே

உடம்பு முழுக்கப் பரவி, களிம்பு அடிக்கடி தேவைப்படும் அளவுக்குக் கரப்பான் உள்ள குழந்தை, ஏற்கெனவே ஏதாவது உணவுக்குத் தடித்த குழந்தை, இவர்களுக்கு வேர்க்கடலையை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். குழந்தை மருத்துவரையோ ஒவ்வாமை மருத்துவரையோ நாலாம் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் 2017இலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளைச் சோதித்து, சரி என்றால் 4 முதல் 6 மாதத்துக்குள்ளேயே கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டரைப் பார்க்கச் சொல்வது தள்ளிப்போடுவதற்காக அல்ல, இந்தக் குழந்தைகளுக்குத்தான் சீக்கிரம் கொடுப்பது அதிகம் பலன் தரும்.

எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு லேபில் ஐம்பது பொருளுக்கு ரத்தப் பரிசோதனை என்று பணம் கட்டாதீர்கள். பெங்களூரு, மைசூரில் பெரியவர்களைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்கு ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு அறிகுறி இருந்தது. உண்மையில் ஒவ்வாமை என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் தேறினார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்தினால், இல்லாத நோயை நாமே கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால்

பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரியும். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடோ கண்ணோ வீங்கும், வாந்தி வரும். உடனே ஊட்டுவதை நிறுத்தி, வாயையும் கையையும் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். அந்த உணவை மறுபடி தொடாதீர்கள். விடாத இருமல், இழுப்பு, அழுகுரல் கரகரப்பது, நாக்கு வீக்கம், குழந்தை வெளிறித் துவண்டு போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், ஆஸ்திரேலியாவில் 000. குழந்தையைப் படுத்த வாக்கில் மடியில் வையுங்கள், தோளில் நிமிர்த்திப் போட வேண்டாம். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி சிரப் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் நேரமல்ல அது. இன்னொரு வகை உண்டு: சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்துக் குழந்தை சுருண்டு போகும், தோலில் எதுவும் இருக்காது. அரிசிக்குக்கூட இது வரலாம். மாந்தம் என்று நினைத்து உரமருந்து கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

ஓர் உணவு ஆகாது என்று உறுதியானால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், மற்றவை தொடரட்டும். மல்லாட்டைக்குத் தடித்த குழந்தைக்கு முட்டையையும் தயிரையும் சேர்த்து நிறுத்தினால் அவையும் நாளைக்கு ஆகாமல் போகலாம். பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அது சரியாகிவிடுகிறது. எப்போது மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்பதை டாக்டர் சொல்வார், அந்தச் சோதனையையும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.